இரண்டு சிவப்புத் தட்டுகள்

அவைத் தலைமையேற்று அமர்ந்திருக்கின்ற, அழுகின்ற பிள்ளையை ஒரு பார்வையிலும் அடம்பிடிக்கின்ற பெற்றோரை அரைப் பார்வையிலும் அமைதிப்படுத்துகின்ற எங்கள் மழலையர் காப்பகத்தின் பொறுப்பாளர் அம்மா அவர்களே. அடுப்பின் அருகே நாளெல்லாம் நின்றும் அனலை முகத்தில் காட்டாத, அகப்பை பிடித்த கையால் எங்கள் பிள்ளைகளின் அரைவயிற்றை முழுவயிறாக்குகின்ற சமையல் அண்ணன் அவர்களே. மூக்கின் நுனியில் நிற்கின்ற கண்ணாடிக்கு மேலாகவும் பார்ப்பார், கீழாகவும் பார்ப்பார், பார்க்காமல் மட்டும் விடமாட்டார் என்று பிள்ளைகளும் பெற்றோரும் ஒருசேர நடுங்குகின்ற, பிள்ளைகள் வைத்த பெயராலேயே நாங்களும் அழைக்கின்ற கண்ணாடி அக்கா அவர்களே. எந்தச் சமையலறைக்குள் நுழைந்தாலும் நலம் விசாரிப்பதற்கு முன்னால் குளிர்பெட்டியின் வெப்பத்தை விசாரிக்கின்ற உணவுப் பாதுகாப்பு ஆய்வாளர் ஐயா அவர்களே. பேரப்பிள்ளைகளை அழைத்துப் போக வந்த இடத்தில் பேச்சையும் கேட்டு வைப்போமே என்று பொறுமையோடு அமர்ந்திருக்கின்ற பெரியோர்களே. காலையில் பிள்ளையை இங்கே விட்டுவிட்டு, கண்ணையும் இங்கேயே விட்டுவிட்டு வேலைக்குப் போகின்ற தாய்மார்களே. அதையே செய்துவிட்டு, செய்யாதவர் போல முகத்தை வைத்துக்கொள்கின்ற தந்தைமார்களே. உங்கள் அனைவருக்கும் என் அன்பான, பணிவான, கொஞ்சம் உரத்த வணக்கம்.

குரல் பெரிது. பொறுத்துக்கொள்ளுங்கள், மாற்ற முடியாது. நான் பேருந்து நடத்துநர். 'உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க' என்று நாள் முழுக்கக் கத்திக் கத்தி வளர்த்த குரல் இது. ஒலிபெருக்கி எனக்கு வேண்டாம் என்று சொன்னேன். கேட்காமல் வைத்துவிட்டார்கள். காது வலித்தால் வைத்தவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இங்கிருந்து உங்களைப் பார்க்க எவ்வளவு அழகாக இருக்கிறது தெரியுமா? பிள்ளைகளின் நாற்காலிகளில் பெரியவர்கள். முழங்கால் மோவாயைத் தொடுகிறது. அந்த ஓரத்து ஐயா நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாரா, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாரா என்றே தெரியவில்லை. பயப்படாதீர்கள் ஐயா, உடையாது. ஏன் உடையாது என்பதையும் இந்தப் பேச்சு முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

உணவு விதிகளைப் பெற்றோருக்கு விளக்கிப் பேச வேண்டும் என்று பொறுப்பாளர் அம்மா என்னைக் கேட்டார்கள். ஆய்வாளர் ஐயா இருக்கும்போது நான் எதற்கு என்றேன். "அவர் சொன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க. நீ சொன்னாத்தான் சண்டைக்கு வருவாங்க. சண்டைக்கு வந்தாத்தான் மனசுல நிக்கும்" என்றார்கள். ஆகவே வந்து நிற்கிறேன். ஆனால் என் நெஞ்சில் இருப்பது சண்டை அல்ல, நன்றி. நன்றியைத் தவிர வேறெதுவும் இல்லை.

விதி என்றால் என்ன? வாசலில் ஒட்டிய தாளா? ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் பளபளக்கும் தரையா? நம்மை அலைக்கழிக்க யாரோ எங்கோ உட்கார்ந்து யோசித்த தொல்லையா? தாய்மார்களே, நாம் பக்கத்தில் இல்லாத நேரத்தில் நம் பிள்ளையின் பக்கத்தில் நிற்பதற்கு ஒன்று வேண்டும். கையை நம்பலாம், கை களைத்துப்போகும். கண்ணை நம்பலாம், கண் அசந்துபோகும். களைத்தாலும் அசந்தாலும் மறந்தாலும் பிள்ளையைக் காக்க ஒன்று வேண்டும். அதற்குத்தான் விதி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

திராட்சையைப் பாருங்கள். ஒரு தந்தை என்னிடம் கேட்டார்: "திராட்சைக்குப் போய் எதுக்குக்கா ஆபரேஷன் பண்றாங்க?" சிரிக்காதீர்கள், கேள்வி நியாயம்தான். ஆனால் முழுத் திராட்சை ஒரு சின்னப் பிள்ளையின் தொண்டைக்கு அளவெடுத்துச் செய்த மூடி. குறுக்கே வெட்டினாலும் வட்டம் வட்டமாகவே இருக்கும். நீளவாக்கில் நான்காக வகிர்ந்தால்தான் மூச்சுக்கு வழிவிடும். இதற்காகச் சமையல் அண்ணன் காலையில் கூடை கூடையாகத் திராட்சையோடு உட்கார்ந்திருப்பதை ஒருநாள் வந்து பாருங்கள்.

தேன் நல்லதுதானே என்று கேட்கிறீர்கள். நல்லதுதான், உங்களுக்கும் எனக்கும். ஒரு வயது நிரம்பாத பிள்ளைக்கு ஒரு சொட்டும் கூடாது, ஏனென்றால் அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமியை நம் வயிறு சமாளிக்கும், பிஞ்சு வயிறு சமாளிக்காது. உப்பைக் குறைத்துவிட்டார்களே, சர்க்கரையை மறந்துவிட்டார்களே, ருசியே இல்லையே என்கிறீர்கள். ருசி இல்லை என்று சொன்னது யார், பிள்ளையா, பிள்ளையின் தட்டில் கைவைத்த நீங்களா? அம்மா, மூன்றாவது வரிசையில், நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது தெரிகிறது.

சூடாக இருக்க வேண்டியது சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்திருக்க வேண்டியது குளிர்ந்திருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வெதுவெதுவென்று நிற்கிற சாப்பாடு, என் பேருந்தில் படியில் தொங்குகிறவரைப் போல. உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை, ஆபத்து அங்கேதான். கிருமிக்கும் அந்த இடம்தான் மிகவும் பிடிக்கும்.

இன்னொன்று. சமையல் அண்ணன் நாள்தோறும் ஒவ்வொரு உணவிலும் ஒரு சிறு கிண்ணம் எடுத்து, மூடி, தேதி ஒட்டி, குளிர்பெட்டியில் தனியே வைக்கிறார். "நல்லதையெல்லாம் தனக்கு எடுத்து வச்சுக்கிறார் போல" என்று வாசலில் ஒரு பேச்சு. பேசியது யார் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன், நிம்மதியாக உட்காருங்கள். அது அவர் சாப்பிடுகிற கிண்ணம் அல்ல. நாளை ஒரு பிள்ளைக்கு வயிறு கெட்டால், இங்கே சாப்பிட்டதாலா, வேறெங்காவதா என்று சோதித்துப் பார்ப்பதற்கான சாட்சி. தவறு தன் பக்கம் இருந்தால் தன்னையே காட்டிக்கொடுக்கப் போகிற சாட்சியை, நாள் தவறாமல் தன் கையாலேயே எடுத்து வைக்கிறார் அண்ணன். எத்தனை பேர் நம் வேலையில் அப்படி ஒரு கிண்ணம் எடுத்து வைப்போம்? நான் வைப்பேனா என்று எனக்கே சந்தேகம்தான்.

என்ன அங்கே? நேரம் ஆகிறது என்று கை காட்டுகிறார்கள். எனக்கே மணி காட்டுகிறீர்களா? நானே விசில் ஊதி வண்டியை நிறுத்துகிறவள். கொஞ்சம் பொறுங்கள், இனிமேல்தான் நான் வந்த விஷயமே இருக்கிறது.

வீட்டிலிருந்து எந்தத் தின்பண்டமும் உள்ளே வரக்கூடாது, பிறந்தநாள் கேக்கானாலும் சரி, பாத்திரமானாலும் சரி, வாசலோடு நிற்க வேண்டும் என்கிறது இங்குள்ள ஒரு விதி. உங்களில் பலருக்கு அதன்மேல்தான் கோபம் அதிகம். அந்த விதியின் கதை என் வீட்டுக் கதை. அதைச் சொல்லத்தான் இந்த ஒலிபெருக்கியின் முன்னால் நிற்கிறேன்.

என் வீட்டில் நானும் என் மகளும் மட்டும்தான். அவளுக்கு நான் ஆசை ஆசையாக ஒரு பெயர் வைத்தேன். ஒருவரும் அதைச் சொல்வதில்லை. காப்பகத்துக்கு வந்த முதல் நாளே மேசைமேல் ஏறி நின்றதால் எல்லோருக்கும் அவள் வாலு. அந்த வாலுவுக்கு முட்டை ஆகாது. ஆகாது என்றால், பிடிக்காது என்று அர்த்தமல்ல. முட்டை கலந்தது உள்ளே போனால் உதடு வீங்கும், உடம்பு தடிக்கும், மூச்சு இழுக்கும். ஒருமுறை என் மடியிலேயே அப்படி ஆனதைப் பார்த்துவிட்டேன். இன்னொரு முறை பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை.

இவளைச் சேர்த்துக்கொள்வார்களா என்று நான் பயந்து பயந்து வந்தேன். பொறுப்பாளர் அம்மா சேர்த்துக்கொண்டார்கள். சரி, இவளுக்காக எல்லாப் பிள்ளைகளுக்கும் முட்டையை நிறுத்தினார்களா? இல்லை. நிறுத்தவும் கூடாது. வளர்கிற பிள்ளைகளுக்கு முட்டை நல்ல சத்து, அதை அவர்களிடமிருந்து நான் பறிக்கலாமா? ஆகவே ஒரு வழி செய்தார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் மஞ்சள் தட்டு. வாலுவுக்கு மட்டும் சிவப்புத் தட்டு. பிள்ளைகள் கை கழுவிவிட்டு, தங்கள் மஞ்சள் தட்டைத் தாங்களே எடுத்து வந்து பரிமாறும் பலகையில் வரிசையாக வைப்பார்கள். சிவப்புத் தட்டு மட்டும் வரிசைக்கு வராது. சமையலறைக்குள்ளேயே இருக்கும். முட்டையைத் தொடுவதற்கு முன்பே சமையல் அண்ணன் அதில் பரிமாறி மூடி வைத்துவிடுவார். சாப்பாட்டு நேரத்தில் முதலில் வருவது சிவப்பு. கண்ணாடி அக்கா அதை இரண்டு கையாலும் ஏந்தி, பிள்ளையின் முகத்தைப் பார்த்து, பெயரைச் சத்தமாகச் சொல்வார். சமையலறையிலிருந்து அண்ணன், "முட்டை இல்ல" என்று பதில் சொல்வார். பதில் வந்த பிறகுதான் தட்டு மேசையில் அமரும். என்ன மரியாதை பாருங்கள். மந்திரிக்குக் கூட இப்படிப் பரிமாற மாட்டார்கள்.

இதையெல்லாம் நாம் பாதுகாப்பு என்று பார்த்தோம். எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த ஒருவன் வேறு மாதிரி பார்த்தான். அவன் பெயர் உருண்டை. உங்கள் எல்லோருக்கும் தெரியும், நம் தச்சர் தம்பியின் மகன். தம்பி, தலையைக் குனியாதீர்கள், நான் உங்களை இன்றைக்குப் புகழத்தான் வந்திருக்கிறேன்.

உருண்டை ஒருநாள் சாப்பிட மாட்டேன் என்றான். மறுநாளும் மாட்டேன் என்றான். எனக்கும் சிவப்புத் தட்டு வேண்டும் என்று அழுதான். பெற்ற மனம் என்ன செய்யும்? கடைக்குப் போய் அதே அளவில், அதே சிவப்பில் ஒரு தட்டு வாங்கி, பிள்ளையின் பையில் வைத்து அனுப்பிவிட்டார் அப்பா. தட்டுதானே, தின்பண்டமா என்ன? நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அன்று என்ன சாப்பாடு? மசித்த உருளைக்கிழங்கு, அதில் முட்டை.

உருண்டை தன் புதுத் தட்டைக் கொண்டுபோய் மஞ்சள் தட்டுகளின் வரிசையில் வைத்தான். உதவிக்கு நின்றவர் கண்ணைப் பாத்திரத்திலும் கையை அகப்பையிலும் வைத்து, வரிசையாகப் பரிமாறிக்கொண்டே போனார். எல்லாத் தட்டிலும் முட்டை. அந்தச் சிவப்புத் தட்டிலும் முட்டை. கண்ணாடி அக்கா வந்தார். வரிசையில் சிவப்பு நிற்கிறதே, அண்ணன் இன்றைக்கு வெளியிலேயே வைத்துவிட்டாரே என்று நினைத்தார். சிவப்புதானே முதலில் போக வேண்டும்? எடுத்தார். இரண்டு கையாலும் ஏந்தினார். என் மகளின் முன்னால் போய் நின்றார். என் மகள் கையில் கரண்டியோடு காத்திருந்தாள்.

பசி இருந்தது. தட்டு வந்தது. தடுக்க நான் அங்கே இல்லை. நான் எங்கேயோ ஒரு நிறுத்தத்தில் யாருக்கோ சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்தேன். யார் இருந்தார்கள் அங்கே? விதி இருந்தது. அக்கா தட்டை வைத்திருக்கலாம். தினமும் செய்கிற வேலைதானே, இன்று ஒருநாள் கூப்பிடாவிட்டால் என்ன என்று விட்டிருக்கலாம். விடவில்லை. முகத்தைப் பார்த்தார், "வாலு" என்று பெயரைச் சொன்னார், பதிலுக்குக் காத்திருந்தார். பதில் வரவில்லை. பதிலுக்கு ஆளே வந்தார். சமையலறை வாசலில் அண்ணன் நிற்கிறார், அவர் கையில் மூடிய சிவப்புத் தட்டு. அக்கா கையில் மூடாத சிவப்புத் தட்டு. ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இரண்டு சிவப்புத் தட்டுகள்.

"எல்லாரும் கரண்டியக் கீழ வைங்க" என்றார் அக்கா. கத்தவில்லை, சொன்னார். அத்தனை பிள்ளைகளும் வைத்தார்கள். முட்டை பட்ட எந்தக் கரண்டி வாலுவின் மேசையைத் தொட்டது என்று தெரியாததால் அன்றைய சாப்பாடு முழுவதும் போனது. பிள்ளைகள் எல்லோரும் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டார்கள். சாயங்காலம் உங்களில் சிலர் வாசலில் முணுமுணுத்தீர்கள், வெறும் ரொட்டியா என்று. அந்த ரொட்டிக்குத்தான் நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன்.

பொறுப்பாளர் அம்மாவின் அழைப்பு ஓடுகிற வண்டியில் எனக்கு வந்தது. அவர்கள் சொன்ன முதல் வார்த்தைகள் இன்னும் காதில் இருக்கின்றன. "வாலு நல்லா இருக்கா. முதல்ல அதக் கேட்டுக்கோ. அவளுக்கு ஒண்ணும் இல்ல. இப்ப நடந்தத சொல்றேன்." ஒரு தாயிடம் எதை முதலில் சொல்ல வேண்டும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் நடந்ததை மறைக்கவில்லை. மறைத்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது. ஆனாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்றே முடிவு செய்தேன். சம்பளம் வந்ததும் வேலையை விட்டுவிடுவது. பிள்ளையை வீட்டில் வைத்து நானே பார்த்துக்கொள்வது. எதைக் கொண்டு சமைப்பேன், எதைக் கொண்டு வாடகை கொடுப்பேன் என்றெல்லாம் யோசிக்கவில்லை. பிள்ளை இருந்தால் போதும் என்றுதான் இருந்தது.

மறுநாள் என் வண்டியில் தச்சர் தம்பி ஏறினார். இடம் இருந்தது, உட்காரவில்லை.

"ஒரு டிக்கெட் குடுங்கக்கா."

"எங்க போகணும்?"

"எங்கயும் இல்லக்கா. உங்ககிட்ட பேசணும்."

"எங்கயும் இல்லாத ஊருக்கு என்கிட்ட டிக்கெட் இல்ல தம்பி. பேசறதுன்னா சும்மாவே பேசுங்க."

பேசினார். "அந்த இன்னொரு தட்டு நான் வாங்கினதுக்கா. புள்ள சாப்பிடாம கெடந்தான், மனசு கேக்கல. அது எதுக்கு செவப்பா இருக்குன்னு நான் ஒரு வார்த்த கேட்டிருக்கணும்." கையில் ஒரு பை. பைக்குள் அந்தத் தட்டு. என்ன செய்வது என்று தெரியாமல் அதையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் மனிதர்.

என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். அவரைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டேன். வண்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஓட்டுநர் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "போதும்மா, அந்த ஆளு அழுதுருவாரு" என்றார். பார்த்தால், தம்பி ஏற்கெனவே அழுதுகொண்டுதான் இருந்தார். எனக்கும் குரல் இறங்கிவிட்டது. "அப்படி என்ன அந்தச் செவப்புல அவனுக்கு?" என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதிலைத்தான் இன்று உங்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன்.

"செவப்பு இல்லக்கா. செவப்புத் தட்டு வச்சிருந்தாத்தான் அக்கா மொகத்தப் பாத்து பேரு சொல்லுவாங்களாம். மத்தவங்களுக்குச் சும்மா வச்சிட்டுப் போயிடுவாங்களாம்."

கேட்டீர்களா தாய்மார்களே, கேட்டீர்களா தந்தைமார்களே? அந்தப் பிள்ளை தட்டுக்கு அழவில்லை. நிறத்துக்கு அழவில்லை. தன்னை ஒருமுறை பார்க்க வேண்டும், தன் பெயரை ஒருமுறை சொல்ல வேண்டும், அதற்காகச் சோறு வேண்டாம் என்று இருந்திருக்கிறான். நாம் விதி என்றோம். அவன் அதில் அன்பைப் பார்த்திருக்கிறான். சொல்லப்போனால் அவன்தான் சரியாகப் பார்த்திருக்கிறான்.

அடுத்து பெற்றோர் கூட்டம், இதே கூடத்தில், இதே நாற்காலிகளில். விடைபெற்றுக்கொண்டு போகத்தான் வந்தேன். ஆனாலும் வாயைத் தீட்டிக்கொண்டு வந்தேன். 'ஒரு பிள்ளைக்காக இத்தனை பிள்ளைகள் கஷ்டப்பட வேண்டுமா' என்று உங்களில் ஒருவராவது கேட்பீர்கள், கேட்டால் உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டுப் போவது என்று காத்திருந்தேன். காத்திருந்தேன், காத்திருந்தேன், ஒருவரும் கேட்கவில்லை. முணுமுணுத்தவர்கள்கூடக் கேட்கவில்லை. எனக்குச் சண்டை போட ஆளே கிடைக்கவில்லை. கடைசியில் தச்சர் தம்பி எழுந்து தான் செய்ததைத் தானே சொன்னார், மகன் சொன்னதையும் சொன்னார்.

அப்போது கண்ணாடி அக்கா கேட்டார்: "அப்ப எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டா என்ன?" பொறுப்பாளர் அம்மா, "நேரம் ஆகுமே, ஆறிப்போகுமே" என்றார்கள். சூடானது சூடாக இருக்க வேண்டும், அதுவும் விதிதானே? சமையல் அண்ணன், "நான் பானையில இருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுத்துத் தரேன், ஆறாது" என்றார். கூட்டத்துக்கு வந்திருந்த ஆய்வாளர் ஐயாவிடம் கேட்டார்கள். அவர் யோசித்து, "வெப்பத்த மட்டும் தவறாம அளந்துக்கங்க" என்றார். இனிமேல் தின்பண்டம் மட்டுமல்ல, தட்டும் கரண்டியும்கூட வீட்டிலிருந்து வராது என்று நீங்கள் எல்லோரும் கை தூக்கினீர்கள். பிறந்தநாள் கேக் வாங்கி வைத்திருந்த அம்மாவும் தூக்கினார். அன்று அந்தக் கைகளைப் பார்த்த பிறகு எனக்கு விடைபெற மனம் வரவில்லை. மறுநாள் பையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அன்று முதல் இந்தக் கூடத்தில் ஒவ்வொரு தட்டும் இரண்டு கையில் வருகிறது. ஒவ்வொரு முகமும் பார்க்கப்படுகிறது. ஒவ்வொரு பெயரும் சொல்லப்படுகிறது. பிள்ளை "நான்தான்" என்று சொன்ன பிறகுதான் தட்டு அமர்கிறது. சாப்பாட்டு நேரம் கொஞ்சம் நீண்டது உண்மைதான். ஆனால் முகத்தைப் பார்த்ததால் அக்காவுக்கு வேறெல்லாம் தெரிய ஆரம்பித்தது. கண் சிவந்திருந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெரிந்தது. ஒரு பக்கமே மென்ற பிள்ளைக்குப் பல்வலி என்று தெரிந்தது.

தச்சர் தம்பி தன் மனசு ஆறாமல், விடுமுறை நாட்களில் வந்து இந்த நாற்காலிகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்து கொடுத்தார். ஓரத்து ஐயா, இப்போது தெரிகிறதா, ஏன் உடையாது என்று? ஆனால் எவ்வளவு கவனமாகப் பொறுக்கினாலும் ஒரே ஒரு சின்னத் திருகாணி அவர் கண்ணுக்குத் தப்பி நாற்காலிக்கு அடியில் கிடந்துவிட்டது.

ஒருநாள் மதியம் சூப். அக்கா தட்டேந்தி உருண்டையின் முன்னால் நின்று பெயரைச் சொன்னார். "நான்தான்" என்று கூடமே அதிரச் சொல்கிறவன், வெறுமனே தலையை ஆட்டினான்.

"வாயத் தெறந்து சொல்லுடா."

மறுபடியும் தலையாட்டல். அக்கா தட்டை வைக்கவில்லை. பக்கத்து மேசையில் வைத்துவிட்டு, அவன் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, கையை நீட்டி, மெதுவாக, "அக்கா கையில குடு" என்றார். கன்னத்துக்குள்ளிருந்து அந்தத் திருகாணி வந்து அக்காவின் உள்ளங்கையில் விழுந்தது. "அப்பாவோடது. கீழ விழுந்துரும்னு பத்திரமா வச்சிருக்கேன்" என்றான் உருண்டை.

அவன் 'நான்தான்' என்று சொல்லாமலே தட்டு அமர்ந்திருந்தால், ஒரு கரண்டி சூப்போடு அது எங்கே போயிருக்கும்? என் மகளுக்காக வந்த வழக்கம். அவன் ஆசைப்பட்டதால் எல்லோருக்கும் ஆன வழக்கம். அன்று அவனையே காப்பாற்றிக் கொடுத்தது. அன்று மாலை தச்சர் தம்பி மறுபடியும் என் வண்டியில் ஏறினார். ஒரே இருக்கையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம், பிள்ளை பெற்ற இருவர். இறங்கும்போது, "அந்தத் தட்ட நீங்களே வச்சுக்கங்கக்கா" என்றார். அவர் முதல்முறை விட்டுப்போன அந்தச் சிவப்புத் தட்டு என் வீட்டில்தான் இருக்கிறது.

காப்பகத்து வழக்கத்தை வீட்டில் என்னைவிட என் மகள்தான் கடைப்பிடிக்கிறாள். சில நாட்களுக்கு முன்பு வேலை முடிந்து, பையைக்கூடக் கழற்றாமல் வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். வாலு உள்ளே போனாள். அந்தச் சிவப்புத் தட்டில் இரண்டு ரொட்டித் துண்டுகளை வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, விழுந்துவிடாமல் நடந்து வந்து என் முன்னால் நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா" என்றாள்.

கையை நீட்டினேன். தரவில்லை.

"பதில் சொல்லு."

"என்னடி சொல்லணும்?"

"நான்தான்னு சொல்லணும். சொன்னாத்தான் வைப்பேன்."

அவையோரே, ஒரு நாளில் எத்தனை பேர் என்னைக் கடந்து போகிறார்கள். என் கையைப் பார்க்கிறார்கள், சீட்டைப் பார்க்கிறார்கள், சில்லறையைப் பார்க்கிறார்கள். முகத்தைப் பார்ப்பவர் யார்? நீ சாப்பிட்டாயா என்று கேட்பவர் யார்? உங்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒருவர் உண்டு? என் முன்னால் ஒரு பிஞ்சு நிற்கிறது, நான் பதில் சொல்லாமல் நகர மாட்டேன் என்கிறது. மெல்ல, "நான்தான்" என்றேன். "சத்தமாச் சொல்லும்மா, கேக்கல" என்றாள். வாழ்க்கையில் முதல்முறையாக என்னைப் பார்த்து ஒருவர் சத்தமாகப் பேசச் சொன்னது அன்றுதான்.

விடுமுறை முடிந்ததும் வாலு பெரிய பள்ளிக்குப் போகிறாள். இந்தக் காப்பகத்தில் இனி சிவப்புத் தட்டு இருக்காது. பொறுப்பாளர் அம்மா அவர்களே, என் ஒரே விண்ணப்பம் இதுதான். முட்டை ஆகாத பிள்ளை இல்லாத நாளிலும் பெயர் சொல்லுங்கள். அவசரமான நாளிலும் பெயர் சொல்லுங்கள். ஆய்வாளர் ஐயா வராத நாளிலும் முகத்தைப் பாருங்கள். பெற்றோர்களே, பிள்ளையின் பையில் எதையாவது வைக்க உங்கள் கை நீளும்போது, இது எதற்கு இப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை உள்ளே வந்து கேளுங்கள். நீங்கள் கேட்டால் இங்கே யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

என் மகளின் மூச்சை எனக்குத் திருப்பித் தந்த கண்ணாடி அக்காவுக்கு நன்றி. மூடிய தட்டோடு வாசலில் வந்து நின்ற சமையல் அண்ணனுக்கு நன்றி. மறைக்காமல் சொன்ன பொறுப்பாளர் அம்மாவுக்கு நன்றி. விதியைக் கெடுக்காமல் விதிக்குள் இடம் கண்டு தந்த ஆய்வாளர் ஐயாவுக்கு நன்றி. வந்து சொன்ன தச்சர் தம்பிக்கு, சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தெரிந்திருப்பதால், கூடுதலாக நன்றி. கை தூக்கிய உங்கள் எல்லோருக்கும் நன்றி.

உங்களுக்கு ஒரு இனிப்பாவது கொண்டுவர நினைத்தேன். விதி இருக்கிறது, வாசலிலேயே பிடுங்கிவிடுவார்கள். அதனால் வெறுங்கையோடு வந்திருக்கிறேன். ஆனால் நன்றியைக் கூட்டத்தின் மீது மொத்தமாக வீசிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. இப்போது இறங்கிப்போய் வாசலில் நிற்கப் போகிறேன். ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, உங்கள் பிள்ளையின் பெயரைச் சொல்லி, இன்னாரின் அம்மா, இன்னாரின் அப்பா என்று கூப்பிட்டுக் கை கூப்பப் போகிறேன். நீங்கள் "நான்தான்" என்று சொன்னால்தான் வழிவிடுவேன். மெதுவாக வாருங்கள், யாரும் முண்டியடிக்க வேண்டாம். வணக்கம்.